'கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்' என்று எழுதும்முன்

 இது கொஞ்சம் நீளமாகப் போகும். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், இப்போது நான் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை.

இரண்டு நாளாகத் தென்காசியில் சாரல். மொட்டை மாடியில் நின்றால் மலையே தெரியவில்லை, மேகம் முழுக்க மூடியிருக்கிறது. காயப்போட்ட துணி எதுவும் காயவில்லை. ஆனாலும் யாருக்கும் குறை இல்லை. சீசன் வந்துவிட்டால் நம் ஊருக்கு வருகிற சந்தோஷம் வேறு. வெளியூர் சொந்தமெல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான் நம்மை ஞாபகம் வைத்திருக்கும்! எனக்கு மட்டும் 2024-க்குப் பிறகு இந்தச் சாரலோடு வேறொரு நினைப்பும் சேர்ந்து வருகிறது.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. சீசன்கூடத் தொடங்கவில்லை, அது கோடை மழை. மலைக்கு மேலே கொட்டியது. கீழே பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் வெள்ளம் திடீரென்று இறங்கியது. ஜனங்கள் விழுந்தடித்து ஓடிய அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அதில் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்துபோனான்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. எழுதியவர் எனக்கு மிகவும் வேண்டியவர், பெயர் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் மாட்டார் என்று நம்புகிறேன். காலையில் அவர்கள் குடும்பமும் அங்கே குளித்திருக்கிறது. பிள்ளை பசிக்கிறது என்று அடம்பிடித்ததால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். 'கர்த்தர் சரியான நேரத்தில் எங்களை வெளியே கொண்டுவந்தார், ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தார். வரிசையாக ஆமென், ஆமென் என்று விழுந்தது. நானும் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டேன்.

ராத்திரி எட்டு மணி இருக்கும், பழைய மாணவன் ஒருவன் போன் பண்ணினான். அருவிப் பக்கம் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். இந்துப் பையன். (பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது.)

"டீச்சர், ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தப் பய என்ன பாவம் செஞ்சான்? எங்கம்மா முன்வினைங்காவ. நீங்க வேதத்துல என்ன சொல்லுவீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்யா" என்று போனை வைத்துவிட்டேன். அந்த நாளைக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. இன்று எழுதுவதும் அதே பாக்கியைத் தீர்க்கத்தான்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. அவன் கேள்வியைவிட என் கைகூப்பிய படம்தான் உறுத்தியது. எங்கள் குழுவில் வந்த அந்தச் செய்தியைப் பையனைப் பறிகொடுத்த தாய் வாசித்தால் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள்? இவர்கள் பிள்ளைக்குப் பசியைக் கொடுத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போன கடவுளுக்கு, என் பிள்ளைக்கும் ஒரு பசியைக் கொடுக்கத் தெரியாதா என்றுதானே?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சில பேருக்குத்தான் தெரியும். 1991-ல் என்னிடம் நான்காம் வகுப்புப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம், டீச்சர் ஒரு மாதம் பள்ளிக்கூடம் வரவில்லை. என் இரண்டாவது பிள்ளை, ஆறு வயது, மூளைக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். இதுவரை இதைப் பற்றி எங்கும் எழுதியதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். 'ஆண்டவர் தன் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார்' என்றார் ஒருவர். 'எல்லாம் நன்மைக்கே' என்றார் இன்னொருவர். ஒரு அம்மா என் காதுக்குள் வந்து, "வீட்டுல ஜெபம் குறைஞ்சுட்டோ?" என்று கேட்டாள். மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை மன்னிக்க ரொம்ப வருடம் ஆயிற்று.

அந்த ஒரு மாதமும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் வந்து போனவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. சாயங்காலம் வருவார், தொட்டியில் கிடக்கிற பாத்திரத்தைத் தேய்ப்பார், என் மூத்தவனுக்குச் சோறு போடுவார், போய்விடுவார். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, 33 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு வேதத்தைத் திறந்தால் இந்த ஒரு கேள்வியோடுதான் திறக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மாணவன் கேட்ட அதே கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். பிறவியிலேயே கண் தெரியாத ஒருவனைப் பார்த்து, இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டவர்கள் அவருடைய சீடர்களேதான். யோவான் 9-ஆம் அதிகாரம். இரண்டும் இல்லை என்றார் அவர். இன்னொரு சமயம், எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போன விபத்தை அவரே எடுத்துப் பேசுகிறார். செத்த பதினெட்டுப் பேரும் ஊரில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லவே இல்லை என்கிறார். இது லூக்கா 13-ல் இருக்கிறது. அடுத்தாற்போல மனந்திரும்பச் சொல்கிறாரே என்று சிலர் என்னிடம் மடக்குவார்கள். சொல்கிறார். உயிரோடு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொல்கிறார், செத்தவர்களைக் காட்டி அல்ல.

ஆகவே பழைய குற்றாலத்தில் இறந்த பையனுக்கும் பாவக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. என் மகளுக்கும் இல்லை. முன்வினை என்று சொல்கிற உன் அம்மாவை நான் குறைசொல்லவில்லையப்பா. எங்கள் ஆட்களும் வேறு வார்த்தையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'ஜெபம் குறைந்துவிட்டதா' என்பதும் அதேதானே.

யோபுவின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள், சொத்து, உடம்பு எல்லாம் போய் மனிதன் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் அவர்கள் பெயர் என்றைக்கும் நல்ல பெயராக இருந்திருக்கும். அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்களே, அதிகாரம் அதிகாரமாகக் கடவுளுக்கு வக்கீலாக நின்று பேசுகிறார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வராது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல. தன் சார்பாகப் பேசிய இந்தச் சிநேகிதர்கள் மேல்தான். துக்க வீட்டுக்குக் கிளம்பும் முன் இந்த 42-ஆம் அதிகாரத்தை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள் என்று சபையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

இன்னொரு பதில், கஷ்டம் என்பது கடவுள் வைக்கிற சோதனை என்பது. பள்ளிக்கூடத்திலும் சோதனை என்றுதான் சொல்வோம், மாதச் சோதனை, அரையாண்டுச் சோதனை. நான் எத்தனை கேள்வித்தாள் எழுதியிருப்பேன்! எந்த வாத்தியாரும் நடத்தாத பாடத்தில் கேள்வி கேட்பதில்லை. கேள்வித்தாளைக் கொடுத்துப் பிள்ளையைக் கொல்லுகிற வாத்தியாரும் இல்லை. கஷ்டப்பட்ட பிறகு சிலர் பொன்போல ஆகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அது உண்மை. ஆனால் என்னைப் பக்குவப்படுத்துவதற்காக என் பிள்ளையை எடுத்தார் என்றால் அந்தப் பக்குவம் எனக்கு வேண்டாம். இதை நான் ஜெபத்திலேயே சொல்லியிருக்கிறேன். அவர் என்னைக் கைவிட்டதாகத் தெரியவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த குழப்பம் அல்ல. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் தினம். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் ஜனங்கள் காலை ஆராதனைக்காகக் கோயில்களில் நிறைந்திருந்தபோது பூமி அதிர்ந்தது. கோயில்கள் அவர்கள் மேலேயே இடிந்தன. பிறகு கடல் வந்தது, பிறகு தீ. வால்டேர் போன்றவர்கள் எழுப்பிய கேள்விக்கு ஐரோப்பாவே பதில் தேடியது. நமக்கு அது 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் போனார்கள், அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். பண்டிகைக்காக வேளாங்கண்ணிக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அற்புதம் என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டுக் கும்பிட வந்தவர்களை விட்டுவிடுகிற கடவுளை எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சை அன்றைக்கே நான் வெறுத்தேன். ஆனால் இருபது வருடம் கழித்து என் விரலும் கைகூப்பிய படத்தைத் தட்டிவிட்டது.

இயற்கையின் விதி என்கிறார்களே, அதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும். அந்த விதிதான் சிற்றாற்றைத் தென்காசிக்குக் கொண்டுவருகிறது, வயலில் நெல்லாகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளுக்காகத் தண்ணீர் மேலே பார்த்துத் திரும்பினால் விவசாயமும் இருக்காது, உலகமும் உலகமாக இருக்காது. சரியான பேச்சுத்தான். ஆனால் பிணம் கிடக்கிற வீட்டில் இதைச் சொல்ல முடியுமா?

அந்த விதி தெரிந்த நாம் என்ன செய்தோம் என்றும் கேட்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால் கீழே தண்ணீர் வரும் என்பது நம் ஊர் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மேலே மழை அளக்க ஒரு கருவி, கீழே ஊத ஒரு சங்கு, தண்ணீர் கலங்கினால் ஆட்களை ஏற்றிவிட நாலு பேர். இதற்குக் கடவுள் இறங்கி வர வேண்டியதில்லை. துன்பத்தில் நிறைய பங்கு நம் கணக்கில் எழுத வேண்டியது. அதை அவர் கணக்கில் எழுதிவிட்டுச் 'சித்தம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

ஆனால் மூளைக்காய்ச்சலை எந்தக் கணக்கில் எழுதுவது? அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. அறுபது தாண்டியும் கிடையாது.

டோனாவூர் பக்கம் போயிருப்பீர்கள். களக்காட்டுக்குப் பக்கத்தில். அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்கு விடப்படவிருந்த பெண்பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் எடுத்து வளர்த்த இடம். ஒருதரம்கூடச் சொந்த ஊர் திரும்பவில்லை. 1931-ல் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது, முதுகும் போயிற்று. அதிலிருந்து 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறையும் படுக்கையும்தான். அத்தனை பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தவருக்கா விசுவாசம் குறைவு? ஜெபம் குறைவு? படுக்கையில் இருந்தபடியே நோயாளிகளுக்காக ஒரு புத்தகம் எழுதினார். திடமாக இருப்பவர்கள் எழுதி அனுப்புகிற ஆறுதல்கள் படுக்கையில் கிடப்பவருக்கு ஒட்டுவதில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய கல்லறைக்குக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர் மட்டும். நான் மூன்று தடவை போய் அதன் முன்னால் நின்றிருக்கிறேன்.

விசுவாசம் இருந்தால் வியாதி வராது என்று டிவியில் முழங்குகிற ஊழியர்களுக்கு பவுல் எழுதிய ஒரு சின்ன வரியைக் காட்ட ஆசை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவிட்டு வந்ததாகச் சாதாரணமாகச் சொல்கிறார். பவுலே கூட இருந்தும் அவர் சுகமாகவில்லை. பவுலுக்கே உடம்பில் ஒரு முள் இருந்தது, மூன்றுதரம் கேட்டும் எடுக்கப்படவில்லை. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை.

பிரிட்டிஷ் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1940-ல் துன்பத்தின் காரணத்தைப் பற்றி நேர்த்தியாக ஒரு புத்தகம் எழுதினார். இருபது வருடம் கழித்து அவருடைய மனைவி புற்றுநோயில் இறந்தார். அப்போது அவர் எழுதிய குறிப்புகளைத் தன் பெயர்கூடப் போடாமல் 1961-ல் வெளியிட்டார். அதில் விளக்கம் குறைவு, கதறல்தான் அதிகம். முதல் புத்தகம் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் 1991-க்குப் பிறகு எனக்குக் கைகொடுத்தது இரண்டாவதுதான்.

அப்படியானால் டீச்சர் இன்னும் ஏன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறீர்கள் என்று கேட்பீர்கள். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுததுதான் காரணம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தவர் அழுவானேன்? 'அழாதே மார்த்தா, எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. பிறகு அவரே சிலுவையில் தொங்கி, ஏன் கைவிட்டீர் என்று கேட்டார். என் கேள்வியை எனக்கு முன்னாலேயே கேட்டவர் அவர். அவருக்கும் அந்த நேரத்தில் மேலேயிருந்து பதில் வந்ததாக எழுதவில்லை. மேலே உட்கார்ந்து அருவியைத் திறந்துவிடுகிற கடவுளை நான் கும்பிடவில்லை. அடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையோடு தண்ணீருக்குள் இருந்தவரைக் கும்பிடுகிறேன். மூன்றாம் நாள் எழுந்தார் என்று நம்புகிறேன், அதனால் என் பிள்ளையை ஒருநாள் பார்ப்பேன் என்றும் நம்புகிறேன். நிரூபித்துக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. மற்ற மார்க்கத்துப் பிள்ளைகளை இதில் இழுக்கவில்லை. நீங்கள் கேட்டதால் என்னுடையதைச் சொன்னேன்.

கண் தெரியாதவன் கதையில் இன்னொன்று. யார் பாவம் என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, இயேசு அதோடு நிறுத்தாமல் கீழே குனிந்து சேறு பிசைகிறார். அந்தக் கதையை ஒழுங்காக வாசித்தவர்கள் நம் பாளையங்கோட்டையில் இருந்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும், சுவேன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டபோது, பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், அவர்களுக்கே வெள்ளம், இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். கடவுள் அப்போது எங்கே இருந்தார் என்றால் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் என்று எழுத வருகிறது. எழுதும்போதே யோசனையாகவும் இருக்கிறது. அதே வெள்ளத்தில் செத்தவர்களுக்கு அந்தச் சோறு போய்ச் சேரவில்லையே.

குடும்பக் குழுவில் செய்தி போட்டவரிடம் பிறகு பேசினேன். நன்றி சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்த வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லாமல் எப்படி இருப்பது? வீட்டுக்குள் முழங்காலில் சொல்வோம், இன்னொரு வீட்டில் பந்தல் போட்டிருக்கும் நாளில் ஊர் பார்க்கப் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மைனி, நீங்களும் கும்பிடு போட்டீங்களே" என்றார். போட்டேன்தான். நானே முதலில் அழித்தேன்.

சிப்ஸ் கடைக்காரன் போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பெரிய பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். மேலே எழுதியதில் பாதியை அன்று அவனிடம் சொன்னேன். எவ்வளவு ஏறியது என்று தெரியவில்லை, கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினான். போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "இப்பல்லாம் மலைப்பக்கம் கருத்தா கடையில உக்கார முடியல டீச்சர். ஓடிப்போயி, மேல மழை விழுது, ஏறுங்க ஏறுங்கன்னு கத்துதேன். சில பேரு ஏறுதாவ. சில பேரு வையுதாவ."

இன்றைக்கும் மலை கருத்துத்தான் கிடக்கிறது.